அக்கா ஏன் அந்தப் படத்தை மூடி வைத்தார்

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஒரு வருடமாகிறது. ஆண்டுத் திருப்பலி முடிந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோருமே, மாத்தளையில் அக்காவின் வீட்டு விறாந்தையில் ஒருமுறையாவது உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தவர்கள்தான். சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருப்பீர்கள், அல்லது சும்மா கதைக்க வந்திருப்பீர்கள். அப்படி வந்தவர்கள் திறந்த கதவு வழியாக முன்னறைச் சுவரையும் பார்த்திருப்பீர்கள். அங்கே திரு இருதய ஆண்டவர் படம் ஊதாத் துணியால் மூடியபடி தொங்கியது. தவக்காலத்தில் மட்டுமல்ல, வருடம் முழுக்க.

கேட்க நினைத்துக் கேட்காமல் போனவர்கள் பலர். துணிந்து கேட்டவர்களிடம் அக்கா, "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிடுவார். என்னிடமும் கேட்டீர்கள். நான் பங்கில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுப்பவள். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம். இருந்தும் அந்தக் கேள்விக்கு மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது அக்காவின் கணவர், எங்கள் அத்தானே எழுதச் சொல்லிவிட்டார், எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அவர் மூத்தவர், நான் கடைக்குட்டி. அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். அம்மா கொழுந்து எடுக்கப் போனதும் எங்களைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியது அக்காதான். அதற்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டார். பிறகு டவுனில் கன்னியர் மடத்துத் தையல் வகுப்பில் சேர்ந்தார். என் பள்ளிக்கூடச் சட்டைகளை அவர்தான் தைத்தார், நான்தான் கிழித்தேன். "இவளுக்கு சாக்குலதான் தைக்கணும்" என்று திட்டிக்கொண்டே ஒட்டுப் போட்டுத் தருவார்.

அத்தான் கலேவெலக்காரர். மரக்கறி லொறி ஓட்டியவர். கலியாணம் முடித்து அக்கா அங்கேதான் போனார். சுற்றிலும் சிங்கள வீடுகள், பூசை காண வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். அக்கா சிங்களத்தையும் பழகினார், வெயிலையும் பழகினார். பிள்ளை இல்லாத குறையை மட்டும் அவரால் பழக முடியவில்லை. வேண்டாத புனிதர் இல்லை. கடைசியில் மகள் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அத்தானும் அக்காவும் மாத்தளைக்கே வந்து குடியேறினார்கள்.

தவக்காலத்தின் கடைசி வாரங்களில் எங்கள் கோயிலில் சிலுவையையும் சுரூபங்களையும் ஊதாத் துணியால் மூடிவிடுவது வழக்கம். ஆண்டவர் பட்ட பாடுகளை நினைக்கும் நாட்களில் கண்ணும் நோன்பிருக்கட்டும் என்பார்கள். பெரிய வெள்ளியன்று சிலுவையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து காட்டுவார்கள். சுரூபங்கள் உயிர்ப்புப் பெருவிழாவுக்குத்தான் திறக்கும். அந்தத் துணிகளைத் தைக்கும் பொறுப்பு அக்காவுக்கு வந்தது. வாடிக்கையாளரிடம் எடுப்பதுபோல் புனிதர்களிடமும் நாடா பிடித்து அளவெடுத்தார். "அந்தோனியாருக்கு மட்டும் துணி கூட வேணும், கையில பிள்ள இருக்கே" என்பார். காற்றில் விலகக்கூடாது என்று பின்பக்கம் இழுத்துத் தைத்து மூடினார். அந்த வருடம் கோயிலுக்குள் ஒரு முகமும் வெளியே தெரியவில்லை. பங்குச் சாமியார் அக்காவைப் பாராட்டினார். மிஞ்சிய துணியில் வீட்டுத் திரு இருதயப் படத்துக்கும் ஒரு மூடுதுணி தைத்து மாட்டினார் அக்கா.

அதே வாரத்தில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் அக்கா அவள் பக்கத்தை விட்டு அசையவில்லை. ஒரு நாள் பின்னேரம், டொக்டர் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு என்ன தோன்றியதோ, பிள்ளையை அத்தானிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்கு ஓடினார். நேரே ஆண்டவர் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்று ஓடியிருக்கிறார். உள்ளே போனால், பார்க்க ஒரு முகமும் இல்லை. ஆண்டவர் இல்லை, மாதா இல்லை, கையில் பிள்ளையோடு நிற்கும் அந்தோனியாரும் இல்லை. எல்லாம் ஊதாத் துணி. அக்காவே தைத்த துணி. அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது பிள்ளையின் கண்கள் ஒரேயடியாக மூடியிருந்தன.

உயிர்ப்பு ஞாயிறன்று கோயிலில் எல்லாத் துணிகளையும் அகற்றினார்கள். ஊர் முழுக்கக் கொண்டாட்டப் பட்டாசுச் சத்தம். அக்கா வீட்டுப் படத்தின் துணி மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைய பங்குத்தந்தை நல்ல மனிதர். வீடு தேடி வந்தார். நற்கருணைப் பேழைக்குப் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டுதானே இருந்தது, ஆண்டவர் அங்கே இருந்தாரே அம்மா என்று மெதுவாகச் சொன்னார்.

"அதையும் பூட்டித்தானே சாமி வெச்சிருக்கீங்க" என்றார் அக்கா. சாமியார் கதிரையை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். அதற்காக இன்றைக்கும் அவர்மீது எனக்கு மரியாதை.

நான் அவரைப்போல் சும்மா இருக்கவில்லை. மறைக்கல்விப் புத்தகத்தில் உள்ளதையெல்லாம் அக்காவிடம் ஒப்பித்தேன். கடவுள் தம்மை நமக்கு வெளிப்படுத்துகிறார், தம் மகனிலே முகத்தைக் காட்டிவிட்டார் என்று. அக்கா மெசினை நிறுத்தாமலே கேட்டார்.

"ஒனக்கு காட்டுனாரா? சந்தோசம். எனக்கும் காட்டட்டும், நானே கழட்டுறேன்."

பக்கத்து முஸ்லிம் வீட்டு ராத்தாவை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். ஒரு நாள் துணி தைக்கக் கொடுக்க வந்தவர், மூடிய படத்தைப் பார்த்துவிட்டு, "எங்கட ஊட்டுலயும் படமொண்டும் இல்லதானே தங்கச்சி. நாங்க காணாட்டியும் அவன் எங்கள காணுறான்தானே" என்றார். பிள்ளை போனபின் அக்கா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். என் பாடம் ஏறாத இடத்தில் ராத்தாவின் ஒரு பேச்சு ஏறியதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சலும்தான்.

இதற்காக அக்கா கோயிலை விட்டுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு தவக்காலத்துக்கும் துணி தைத்துக் கொடுத்தார். பூசைக்கும் தவறாமல் வந்தார். ஆனால் பீடம் தெரியாத ஒரு தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். ஊரில் யாருடைய பிள்ளையாவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், சாதி சமயம் பார்க்காமல் அங்கே போய்விடுவார். "நீ போய் குளிச்சிட்டு வா. நான் இருக்கேன். பிள்ள கண் முழிச்சா ஒரு முகம் தெரியணும்" என்று தாயை அனுப்பிவிட்டுக் கட்டிலருகே இருப்பார். இதை வாசிக்கிற தாய்மாரில் சிலருக்கு இப்போது கண் கலங்கும் என்று எனக்குத் தெரியும்.

பிறகு அக்காவுக்கே புற்றுநோய் வந்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய கட்டிலை முன்னறையில், அந்தப் படத்துக்கு நேரெதிரே போட்டோம். எனக்கு நோயைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. என்னை வளர்த்த அக்கா ஆண்டவரோடு கோபித்துக்கொண்டே போய்விடுவாரோ என்ற பயம்தான் அது. சமைக்கும்போதும் அதே நினைப்பு, செபமாலை சொல்லும்போதும் அதே நினைப்பு.

சாமியார் நோயில்பூசுதல் கொடுக்க வருவதாகச் சொன்ன நாள் காலை, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் வந்து போகும்வரையாவது துணியை எடுத்துவிடுவது. அக்கா கண்மூடிக் கிடந்தார். கதிரை போட்டு ஏறினேன். இத்தனை வருடத்துத் தூசியும் பல்லி முட்டையும் இருக்குமே என்று ஈரத்துணியும் வைத்திருந்தேன். ஊதாத் துணியை மெல்லத் தூக்கினேன்.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை. சட்டத்துக்கு எண்ணெய் பூசித் துடைத்திருந்தது. என் முகமே அதில் தெரிந்தது. நான் கதிரையிலேயே நின்றுவிட்டேன்.

குசினி வாசலில் அத்தானின் குரல் கேட்டது. "அவளுக்கு எழும்ப ஏலாம போன பொறகு நான்தான் தொடைக்கிறேன். யாருக்கும் சொல்லாதீங்கன்னு சொன்னா."

திரும்பினால் அக்கா விழித்திருந்தார். "பாத்துட்டியா?" என்றார். களவு பிடிபட்ட சின்னப் பிள்ளையின் சிரிப்பு.

"எத்தன வருசமாக்கா?"

"பிள்ள போன மறு வருசத்துலருந்து. இவரு லொறியில போன பொறகு, கதவ சாத்திட்டு தூக்கிப் பாப்பேன்."

"அப்ப ஏன் மூடி வெச்சீங்க?"

"கோவம் போகலியே. போகாம தொறந்து வெச்சா அது பொய்தானே? பாக்காமயும் இருக்க முடியல. அவரு ஒளிஞ்சுக்கிட்டாரு, நானும் ஒளிஞ்சு நின்னு பாத்தேன்."

நான் இறங்கிவந்து கட்டிலில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியதால் அக்கா விட்டு விட்டுப் பேசினார்.

"அன்னைக்கு நான் கோயில்ல அவரு முகத்த தேடுனேன். அதே நேரம் பிள்ள ஆஸ்பத்திரியில என் முகத்த தேடியிருக்கும். நானும் இல்லியே. அத விட்டுட்டா போனேன்? அதுக்காகத்தானே ஓடுனேன். அத நெனச்சு நெனச்சு அழுவேன். அப்புறம் ஒரு நாளு இப்புடி தூக்கிப் பாக்கயில தோணுச்சு. நான் அவர தேடி கோயிலுக்கு ஓடுன நேரம், அவரு பிள்ளய தேடி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரோ என்னமோ. அதான் கோயில்ல ஒரு முகமும் இல்லியோ என்னமோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றுதான் எனக்கே விளங்கியது. மூடிய துணியையே பார்த்து நிற்கிறவர்களுக்கு, அவர் வேறெந்தக் கட்டிலருகே நிற்கிறார் என்று எப்படித் தெரியும்? அக்கா அந்தக் கட்டில்களைத் தேடித்தான் போயிருக்கிறார்.

"மூடிரு" என்றார் அக்கா. "சாமி வர்றாருன்னு கழட்டாத. வேசம் வேணாம்."

மூடினேன். சாமியார் வந்தார், இளையவர். படத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "எனக்கு தவக்காலம் இன்னும் முடியல சாமி" என்றார் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டு எண்ணெய் பூசினார். நற்கருணையை உயர்த்திக் காட்டியபோது, தூண் இல்லாத அந்த அறையில், அக்கா கண்ணை எடுக்காமல் பார்த்தார். அந்த வாரமே அமைதியாகப் போனார்.

எங்கள் துக்கத்தில் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லாமல் முடிக்க முடியாது. வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து கொடுத்த டொக்டருக்கும் தாதிமாருக்கும், இரண்டு பங்குத்தந்தையர்க்கும், ஒவ்வொரு நாளும் கஞ்சி கொண்டுவந்த ராத்தாவுக்கும், கலேவெலவிலிருந்து வெள்ளை உடுத்தி வந்த பழைய அயலவருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த இளைஞர்களுக்கும், அக்கா காவலிருந்த பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்களே, அவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அத்தானுக்கு நன்றி சொன்னால் அவர் கோபிப்பார். ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டியை மூடுவதற்குமுன் அவர் கதிரையில் ஏறி, படத்தின் ஊதாத் துணியைத் தன் கையாலேயே கழற்றினார். நான்காக மடித்து அக்காவின் தலைக்கடியில் வைத்தார். கூடியிருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அத்தான் யாரையும் பார்க்கவில்லை, அக்காவின் முகத்தையே பார்த்தார்.

"இனி இது எதுக்கு?" என்றார். "அவ நேரயே பாத்துக்குவா."