கதவு வரைக்கும் வாசித்த கிராணியார்

எங்கள் ஊர் காஜா பெராங் வாசகசாலையின் சுவர்க்கடிகாரம் நான்கு அடிக்கும்போது வெளியே இரண்டரை மணி வெயில்தான் காய்ந்துகொண்டிருக்கும். ஜப்பான்காரன் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான். கடிகாரங்கள் கேட்டன, சூரியன் கேட்கவில்லை. சனிக்கிழமைதோறும் அந்த நான்கு மணிக்குத்தான் கதை வாசிப்பு. சாயங்கால வாசிப்பு என்று பெயர். ஆனால் தகரக் கூரை கொதிக்கிற கொதிப்பில், இந்த நேரம் உண்மையிலேயே எந்த நேரம் என்று உடம்புக்கே சந்தேகம் வந்துவிடும்.

இன்று ஊரில் பெரிய பொது நூலகம் இருக்கிறது. குளுகுளு அறையில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கதை நேரம் நடத்துகிறார்கள். போன மாதம் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் வீடு தேடி வந்து, தமிழில் ஒரு கதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று என்னைக் கேட்டாள். தொண்டை சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தாரை நான் இன்றும் மிரட்டி வருகிறேன். ஒரு கதையைச் சத்தம் போட்டுக் கடைசிவரை வாசிக்க மட்டும் எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் கிராணியார். இல்லை, அவர்மேல் பழியைப் போடுவது தவறு. காரணம் நான்தான்.

அவர் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் வேலை போய், ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்குள் வந்து, பூட்டிக் கிடந்த வாசகசாலையைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். வாசகசாலை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு நீளப் பெஞ்சு, ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு மேசை, அவ்வளவுதான். ஆனால் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல, மனு எழுத, ஃபாரம் நிரப்ப, வாரத்தில் இரண்டு நாள் ஜப்பான் எழுத்துக் கற்க, எல்லாவற்றுக்கும் ஊரார் அங்கேதான் வருவார்கள். கிழிந்த புத்தகங்களைத் தைப்பதும் கூட்டிப் பெருக்குவதும் என் வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது. வாயாடி என்று பெயர் வாங்கியிருந்தேன். கிராணியார் மட்டும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

வாசிப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கேட்கிறவர்களில் ஒருவர் உம் கொட்ட வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் நிறுத்தித் தலையைத் தூக்குவார். பெஞ்சிலிருந்து "உம்" என்று வந்தால்தான் அடுத்த பத்தி. வராவிட்டால், "கதை யாருக்குச் சொல்றேன், செவுத்துக்கா?" என்பார். அந்த உத்தியோகம் என் தம்பிக்கு. அவன் சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். வீட்டில் நான் பத்துக் கேள்வி கேட்டாலும் வாய் திறக்காதவன், அங்கே சுவரில் சாய்ந்து அடித்தொண்டையில் இழுத்து உம் கொட்டுவான். நூறு பேர் கொட்டினாலும் அவன் கொட்டுவதை நான் தனியாக அடையாளம் சொல்வேன்.

அந்த வருஷம் வாசித்தது அட்டையும் முன்பக்கங்களும் போன ஒரு நாவல். பேர்கூடத் தெரியாது. கப்பலில் போய் வழி தவறிப்போன ஒருவன் பல வருஷங்களுக்குப் பிறகு ஊர் திரும்புகிற கதை. கடைசி இரண்டு பக்கம் மிச்சம் இருந்தபோதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. யாரோ ஒரு ஆள் வந்து, அடுத்த சனிக்கிழமை வாசிப்புக்கு வரும் ஆண்களுக்கு ஆளுக்கு ஒரு படி அரிசி கிடைக்கும் என்று எழுதி ஒட்டச் சொன்னான். மரவள்ளியைத் தின்று தின்று நாக்கு மரத்துப்போன காலம். கிராணியாரின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதே எழுத்தில் நாலு தாள் எழுதி, அவரே நடந்துபோய் ஒட்டிவிட்டு வந்தார். சந்தோஷமாகத்தான் ஒட்டினார்.

அன்று இரண்டு பெஞ்சும் போதாமல் தரையெல்லாம் ஆண்கள். "அவன் கதவைத் தட்டக் கையை உயர்த்தினான்" என்று கிராணியார் வாசித்து, நிறுத்தி, தலையைத் தூக்கினார். தம்பி உம் கொட்டினான். அதற்குள் வாசலில் லாரி வந்து நின்றது. சயாமில் ரயில் போட ஆள் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். இப்படிப் பிடிப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. நான் பின்கட்டில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது தம்பி லாரிமேல் இருந்தான். "அக்கா, கதைய முடிக்க விடாத. நான் வந்து கேக்குறேன்" என்று கத்தினான். எல்லாரும் அழுகிற இடத்தில் அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். அரிசி மூட்டை ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசகசாலையைத் திறக்க மாட்டேன் என்று கிராணியார் பின்கட்டிலேயே படுத்துவிட்டார். நான்கு அடித்ததும் பெண்கள் வந்தார்கள், பதினோரு பேர். பிடித்துக்கொண்டுபோன ஆண்களின் மனைவிகளும் அம்மாக்களும். அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் குறுக்கே போய் நின்றேன். தையல்காரர் சம்சாரம் என்னை ஒதுக்கிவிட்டு, "எந்திரிச்சு வாசிங்க கிராணியாரே. அந்தக் கதவு வரைக்கும் வாசிங்க. அதுக்கு மேல ஒரு எழுத்து போகக்கூடாது. மிச்சத்த அவுங்க வந்து கேக்கட்டும்" என்றாள். கதை முடியாதவரை கேட்டவர்களுக்கும் முடிவில்லை என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நான் கேலி செய்யவில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது.

அப்படியே ஆரம்பித்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவுக்கு முந்தின அதே நான்கு பக்கம். பெண்கள் தரையில் உட்காருவார்கள், பெஞ்சு ஆண்களுக்கு. ஒவ்வொருத்தியும் தன் ஆள் உட்காரும் இடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு வந்து உட்காருவாள். மலாய் மட்டும் பேசுகிற செட்டிகள் இருக்கும் கம்போங் செட்டியிலிருந்து, பீபி என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு வயதான அம்மாவும் வருவாள். அவள் மகனும் அந்த லாரியில் போனவன். தமிழ் அவளுக்குத் தெரியாது. வாசிப்பு முடிகிற சமயம் என் காதருகில் குனிந்து, "பிந்து பெலும் புக்கா?" என்று மலாயில் கேட்பாள். கதவு இன்னும் திறக்கவில்லையா என்று. "பெலும், பீபி" என்பேன். இன்னும் இல்லை. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவாள். எனக்கு இதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பத்தி முடிந்ததும் கிராணியார் நிறுத்தி, காலிப் பெஞ்சைப் பார்த்துத் தலையைத் தூக்குவார். ஒரு உம் கொட்டுகிற நேரம் பொறுப்பார். பிறகு, பதில் கிடைத்தவர்போல அடுத்த பத்திக்குப் போவார். நான் ஒருமுறை பொறுக்காமல், "என்னங்கய்யா கேக்குது உங்களுக்கு?" என்று கேட்டேன். "உனக்குக் கேக்கலியா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை அவருக்குக் குளிர்காய்ச்சல். பல் கிட்டிக்கொண்டு நடுங்கியபடி, "நீ வாசிம்மா. கதவோட நிறுத்திடு" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். வாசித்தேன், நிறுத்தினேன். பெண்கள் போய்விட்டார்கள். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுத் திரும்பினால், புத்தகம் மேசைமேல் திறந்தபடியே கிடக்கிறது. அன்று எனக்குத் தம்பியின்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு சேதி இல்லை. 'நீ வராவிட்டால் போ, நான் முடித்துவிடுகிறேன்' என்று வீம்புக்கு, அடுத்த பத்தியைச் சத்தமாக வாசித்தேன். உள்ளேயிருந்து "யாரு?" என்று குரல் வருகிறது. கதவு திறக்கிறது. பத்தி முடிந்தது. வாசிப்புப் பழக்கத்தில் நான் நிறுத்தித் தலையைத் தூக்கினேன்.

"உம்" என்று பெஞ்சிலிருந்து வந்தது.

அடித்தொண்டையில், இழுத்து. மழைச் சத்தத்துக்கு அடியில்தான் கேட்டது, ஆனால் கேட்டது. பெஞ்சில் யாரும் இல்லை. ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. ஓடினால் அவன் போய்விடுவான் என்று தோன்றியது. அடுத்த பத்தியை வாசித்தேன். கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறார்கள். "உம்." இலை போடுகிறார்கள். "உம்." புத்தகத்தில் அவனுக்குச் சோறும் மோர்க்குழம்பும் என்று போட்டிருந்தது. தம்பிக்கு மோர்க்குழம்பைக் கண்டாலே ஆகாது, மிளகாய் அரைத்து வதக்கிய நெத்திலிச் சம்பால் என்றால் உயிர். என் வாய் தானாக, "சூடான சோறும் நெத்திலிச் சம்பாலும் வைத்தார்கள்" என்று மாற்றி வாசித்தது. அவன் வயிறார உண்டான் என்று கதை முடிந்தது. நான் தலையைத் தூக்கினேன். மழைதான் கேட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை கிராணியார் எழுந்து வந்து வாசித்தார். முதல் பத்தி முடிந்து தலையைத் தூக்கியவர், ரொம்ப நேரம் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் போன பிறகு, "இன்னிக்கு என்னமோ பெஞ்சு காலியா இருக்கும்மா" என்றார். இத்தனை நாளும் வேறு எப்படி இருந்ததாம் என்று கேட்க என் வாயாலும் முடியவில்லை.

ஜப்பான்காரன் சரணடைந்து சில மாதம் கழித்து, புக்கிட் காதில் என்ற ஊர்க்காரர் ஒருவர் சயாமிலிருந்து திரும்பி என்னைத் தேடி வந்தார். காலில் துணி சுற்றிய புண், முகத்தில் கண் மட்டும்தான் மிச்சம். இதற்கு முன் வாசகசாலையை அவர் பார்த்ததுகூட இல்லை. தம்பியின் பேரைச் சொல்லி, "அவன் அக்கா நீங்கதானே? நான் அவன் பக்கத்துல படுத்துக் கெடந்தவன்" என்றார். அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கிராணியாரும் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாள் கணக்குக்கு மூங்கில்ல கோடு போட்டு வச்சு, சனிக்கிழமை சனிக்கிழமை எங்களுக்கு ஒரு கதை சொல்லுவான். கதவு வரைக்கும் வந்து நிறுத்திருவான். மிச்சம் என்னடான்னா, எங்கக்காவுக்குத்தான் தெரியும்பான். கடைசில வயித்தால போய் எந்திரிக்க முடியாமப் போச்சு. அன்னிக்கும் சனிக்கிழமைதான்னு சொன்னான். மழை. சும்மா படுத்திருந்தவன் திடீர்னு உம் கொட்டுனான். யாருக்குடா கொட்றேன்னு கேட்டேன். எங்கக்கா வாசிக்குது, சத்தம் போடாதன்னான். கொஞ்ச நேரம் கொட்டிக்கிட்டே இருந்தான். அப்பறம் என்னப் பாத்து, 'அவன் வந்து சேந்துட்டான்டா, நெத்திலிச் சம்பால் வச்சிருக்காங்க'ன்னு சிரிச்சுட்டுத் திரும்பிப் படுத்தான். அவ்வளவுதாங்க."

கிராணியார் போய்ப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். இரண்டு தடவை பார்த்தார். "இதுல சம்பால் இல்லியேம்மா" என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். கதையை முடித்து அவனைக் கொன்றுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "நோட்டீஸ் எழுதினது நான். கதைய முடிச்சது நீ. ரெண்டையும் அவுங்ககிட்ட சொல்லிடுவோம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை பதினோரு பேரிடமும் பீபியிடமும் சொன்னோம். அவர்கள் ஆட்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பியிருக்கவில்லை. அதற்குள் கடிகாரம் பழைய நேரத்துக்குத் திரும்பியிருந்தது. வெளியே உண்மையான நான்கு மணி வெயில். யாராவது வந்து என் மயிரைப் பிடித்து ஆட்டினால் தேவலை என்று இருந்தது. தையல்காரர் சம்சாரம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரருக்குச் சம்பால் ஆகாது. நெஞ்சு எரியும். வெண்டைக்காய்ப் புளிக்குழம்புதான் கேப்பாரு. அதையும் சேத்து வாசி" என்றாள்.

தங்கள் ஆட்களுக்கும் அங்கே இலை போடச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் ஒவ்வொருத்தியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கத்தரிக்காய்க் கருவாடு. தேங்காய் அரைத்த மீன். வெறும் ரசமும் சுட்ட அப்பளமும் போதும், மனுஷன் வேறு கேட்க மாட்டார். நான் பீபிக்கு மலாயில் சொன்னதும், "பிண்டாங் ஈக்கான்" என்றாள், அவர்கள் வீட்டுப் புளி மீன்குழம்பு. கிராணியார் அந்த முத்து எழுத்தில் பக்கத்து ஓரத்தில் வரிசையாக எழுதிக்கொடுத்தார். நான் கதவிலிருந்து ஆரம்பித்தேன். கதவு திறந்தது. கால் கழுவினார்கள். இலை போட்டேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பரிமாறினேன். அன்று ஊரில் ஒரு வீட்டிலும் வயிறார ஒரு கவளம் சோறு இல்லை.

வாசித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். எல்லாரும் பெஞ்சைப் பார்த்துக் காத்திருந்தோம். ஒரு சத்தமும் வரவில்லை. தையல்காரர் சம்சாரத்தின் உதடு கோணிக்கொண்டது, அழத் தொடங்கினாள். பீபி அவள் தோளைத் தொட்டு, விரலை வாயில் வைத்து, மெதுவாக மலாயில் சொன்னாள்: "ஜாங்கான் காச்சாவ். டியோராங் தெங்கா மாக்கான்."

தொந்தரவு செய்யாதே. அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.