கடைசி பெஞ்சின் கமென்ட்

என் அக்காவுக்கு மூக்கு நுனியில் கோபம். அவளைப் போய் பிளாக் எழுதச் சொன்னார்கள் பாருங்கள், அன்றிலிருந்து வீட்டில் மனுஷர் இருக்க முடியவில்லை.

துணிக்கடை வேலையை விட்டுவிட்டு முப்பத்தாறு வயதில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவள் அவள். கூடப் படிக்கும் பெண்களுக்கும் அவள் அக்காதான். "இந்த ஒரு தடவைதான். பாஸ் பண்ணலேன்னா பழையபடி கடைக்குப் போயிடு" என்று மாமா கறாராகச் சொல்லியிருந்தார். பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டும். எடுத்ததைப் பற்றி வாராவாரம் பிளாக்கில் எழுத வேண்டும். அதற்கு மார்க் உண்டு. பாடத்தைக்கூட எப்படியோ சமாளித்தாள். பிளாக்தான் அவள் உயிரை வாங்கியது.

என் லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டுவாள். பாஸ்வேர்டு மறந்து போகும். ஏற்றிய போட்டோ பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். அரைப் பக்கம் அடித்த பிறகு கை எதிலோ பட்டு மொத்தமும் மாயமாகும். "நீதான் என்னமோ பண்ணி வச்சிருக்க!" என்று என்மேல் பாய்வாள். நான் சமையலறையில் இருந்திருப்பேன்.

முதல் பதிவை நோக்கங்கள், துணைக்கருவிகள், மதிப்பீடு என்று கட்டம் கட்டி எழுதியிருந்தாள். விரிவுரையாளர் எல்லோர் முன்னாலும் அதை வாசித்துக் காட்டினாராம். "இது பாடக்குறிப்பும்மா. பிளாக்குன்னா மனசுல இருக்கறது வரணும். முகவரிய போர்டுல எழுதிப் போடுங்க, பிள்ளைங்களும் படிக்கட்டும். பத்துப் பேராவது கமென்ட் போட்டாதான் மார்க்."

மனசில் இருப்பதுதானே வேண்டும், இந்தா பிடி என்று எழுதினாள்: "கடைசி பெஞ்ச் போர்டைப் பார்ப்பதே இல்லை. பின்னத்தை எத்தனை தரம் எழுதிப் போட்டாலும் திருதிருவென்று முழிக்கிறார்கள். இவர்களுக்கு எடுப்பதற்குப் பதில் சுவருக்குப் பாடம் எடுக்கலாம்."

"அருமை அக்கா", "சூப்பர் அக்கா" என்று கூடப் படிப்பவர்கள் வரிசையாகக் கமென்ட் போட்டார்கள். இவளும் அவர்கள் பிளாக்குகளுக்குப் போய் அருமை, அருமை என்று போட்டுவிட்டு வந்தாள். யாரும் யாருடையதையும் படித்ததாகத் தெரியவில்லை. ஒன்பது சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை கெடு. ஞாயிறு மதியம் பத்தாவது கமென்ட் வந்து, வெளியிட அவள் அனுமதிக்காகக் காத்திருந்தது.

"மிஸ், நாங்க கடைசி பெஞ்ச். நாங்க போர்டைப் பார்க்கறோம். நீங்கதான் மறைச்சிக்கிட்டு எழுதறீங்க. நகர்றதுக்குள்ள அழிச்சிடறீங்க. நீங்க எழுதிப் போட்ட இந்த பிளாக் முகவரியும் தெரியல. முன் பெஞ்ச்ல கேட்டு வந்தோம்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அழிச்சிடு" என்றேன் நான். "சார் இதப் படிச்சா உனக்குப் பாடமே எடுக்கத் தெரியலன்னு நினைப்பாரு. வேற யார்கிட்டயாவது ஒரு அருமை வாங்கிக்கலாம்."

அழிக்கும் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோனவள், வெடுக்கென்று எழுந்தாள். பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். என்னைக் கூடத்தின் அந்தக் கோடியில் உட்கார வைத்து, அலமாரிக் கதவில் எதையோ எழுதினாள். பேசிக்கொண்டே உள்ளங்கையால் துடைத்தாள்.

"என்ன எழுதினேன்?"

"உன் முதுகுதான் தெரிஞ்சுது."

"பொய் சொல்லாதடி."

"இன்னொரு தரம் எழுது."

எழுதினாள். மறுபடியும் முதுகுதான்.

சாக்பீஸை வீசியெறிந்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். "இத்தனை நாளா அதுங்களத் திட்டித் தீர்த்தேனே! என் பாடத்தப் பார்க்கறேன்னு கூடப் படிக்கற இவளுங்களும் பின்னாலதானே உட்கார்ந்திருந்தாளுங்க. ஒருத்தி சொன்னாளா?" எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. அழிக்கச் சொன்னவள் நான்தானே.

மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தக் கமென்ட்டை அனுமதித்தாள். கீழே பதிலும் எழுதினாள்: "நாளையிலிருந்து ஒதுங்கி நிற்கிறேன். மறைத்தால் கத்துங்கள்."

கத்தினார்கள். திங்கட்கிழமை கணக்குப் பாடம் முழுக்க "மிஸ், மறைக்குது! மிஸ், மறைக்குது!" என்று ஒரே கூப்பாடாம். பாதிப் பாடம்கூட நடக்கவில்லை. இந்த லட்சணத்தில் விரிவுரையாளரும் படித்துவிட்டால் கதை முடிந்தது, கடையில் மறுபடி சேர்த்துக்கொள்வார்களா என்று புலம்பிக்கொண்டே இருந்தாள்.

புதன்கிழமை அவருடைய கமென்ட் வந்தது. "அருமை. தொடர்ந்து எழுதுங்கள்." முழு மார்க்.

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். "இவரும் படிக்கலடி!"

இரண்டு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி திறந்தாள். அனுமதிக்காக இன்னொன்று காத்திருந்தது. "மிஸ், இன்னிக்கு போர்டு தெரிஞ்சுது. எழுத்துதான் சின்னதா இருக்கு."

"வாயைப் பாரு, வாயை!" என்று பல்லைக் கடித்தாள். அனுமதித்தாள். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனாள்.

"என்னடி நிக்கற? போய் அந்தக் கோடியில உட்காரு."