தைக்காமல் விட்ட பெயர்

சிறிதரன் வென்றெடுத்தவை பல. இருபத்துமூன்று வயதில், "தாங்க்யூ"வும் "சொறி"யும் மட்டும் தெரிந்த ஆங்கிலத்தோடு மெல்பேர்ணில் வந்திறங்கியவன், பதினெட்டு மாதத்தில் ட்ராம் கொண்டக்டர் சீருடை போட்டான். நீரிழிவைக் காட்டி வேலையிலிருந்து நிறுத்தப் பார்த்தார்கள். மூன்று வைத்தியர்களிடம் கடிதம் வாங்கி நின்று பிடித்தான். கொண்டக்டர் வேலையே இல்லாமல் போனபோது சாரதியானான். பத்து வருடம் சொந்தக்காரர் யாரும் அவனைக் கலியாண வீட்டுக்குக் கூப்பிடவில்லை. பதினோராவது வருடம் அழைப்பிதழ் வந்தது, உறையில் அவனுடைய பெயரோடு, அவனோடு வாழ்பவனின் பெயரும் சேர்த்து. எல்லாவற்றிலும் பெரியது, எங்கோ உக்ரேனில் சிறையிலிருந்த ஒரு சங்கீத வாத்தியாரின் பெயரை, அவருடைய சொந்தச் சனமே ஒதுக்கி வைத்த பெயரை, விடுதலை கேட்கும் கைதிகளின் பட்டியலில் ஏற வைத்தது.

அவனுடைய அக்கா சிவமணி இவற்றை ஆண்டு மாதம் பிசகாமல் சொல்லுவாள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவள், பிரன்ஸ்விக்கில் ஒரு தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைத்தவள். என்றாலும் தம்பியைப் பற்றிய எந்தத் துண்டுக் காகிதமும் அவளிடம் திகதியோடு இருக்கும். அந்தக் கடைசி வெற்றிக்கு வரும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். அதில் அவள் செய்த காரியம் ஒன்று இருக்கிறது.

சிறிதரன் கொண்டக்டராக ஏறிய ட்ராமை ஓட்டியவன் ஒரெஸ்ட். உலக யுத்தம் முடிந்து அகதிக் கப்பலில் வந்த உக்ரேனியத் தாய் தகப்பனுக்கு மெல்பேர்ணிலேயே பிறந்தவன். அடுத்த வருடமே இருவரும் மூனி பொண்ட்ஸில் ஒரு வீடெடுத்துச் சேர்ந்து இருந்தார்கள். நண்டுக் கறியோடு போன சிவமணி, இரண்டு படுக்கையறையில் ஒன்றில் பழைய பேப்பர் கட்டுகளும் சைக்கிளும் மட்டும் கிடப்பதைக் கண்டாள். அன்றிலிருந்து ஒரெஸ்ட் அவளுக்கு "உன்ர சிநேகிதன்".

1986இல் மெல்பேர்ண் உக்ரேனியர்கள் கன்பராவில் சோவியத் தூதரகத்தின் முன்னால் நிற்க ஆயத்தமானார்கள். சிறையிலிருக்கும் தங்கள் ஆட்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தார்கள். ஒரெஸ்டின் பெரியம்மா மகன் மிரோனின் பெயர் அதில் இல்லை. மிரோன் சங்கீத வாத்தியார். மொஸ்கோ விரும்பாத உக்ரேனியப் பாட்டுகளைத் தட்டச்சில் பிரதியெடுத்துக் கொடுத்து வந்தவர். ஆனால் வழக்கு அதற்காகப் போடப்படவில்லை. ஆணோடு ஆண் கூடினான் என்ற பிரிவில் ஐந்து வருடம் போட்டிருந்தார்கள்.

"அப்ப அந்தாள் உண்மையிலயே அப்பிடியோ?" என்று கேட்டாள் சிவமணி. மூவரும் அவளுடைய குசினியில் இருந்தார்கள்.

"ஓம் அக்கா. அதுவும் உண்மை, பாட்டும் உண்மை" என்றான் சிறிதரன்.

ஒரெஸ்ட் ஆங்கிலத்தில், அவளுக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னான்: "பாட்டுக்காகப் பிடித்தால் எங்கள் சனம் முழுக்க எழும்பி நிற்கும். இதற்காகப் பிடித்தால் எங்கள் சனமே வாயை மூடிக்கொள்ளும். மொஸ்கோவுக்கு எங்களை அவ்வளவு நன்றாகத் தெரியும். பூட்டு அவர்களுடையது, திறப்பை எங்கள் கையில் தந்திருக்கிறார்கள். நாங்கள்தான் பூட்டுகிறோம்."

மிரோனையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டதற்கு, பட்டியல் தயாரித்த உக்ரேனிய மண்டபத்துச் செயலாளரம்மா அவனிடம் சொல்லியனுப்பிய பதில் சுருக்கமானது. முதலில் நாடு, மற்றதெல்லாம் பிறகு.

அதனால் இருவரும் தனியாக ஒரு பதாகை செய்ய முடிவெடுத்தார்கள். உக்ரேனில் அப்போது தடை செய்யப்பட்டிருந்த கொடியின் நிறத்தில், மேலே நீலம், கீழே மஞ்சள். நீலத்தில் மிரோனின் பெயர். மஞ்சளில் ஆட்கள் பென்சிலால் கையெழுத்து வைப்பார்கள், அதன்மேல் சிவமணி கறுப்பு நூலால் சங்கிலித் தையல் போடுவாள்.

"என்ர தையலைப் பாத்து ரஷ்யாக்காரன் ஓடர் தரப்போறான்" என்று சிரித்துக்கொண்டு அவள் துணியை மேசையில் விரித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிறிதரன் குனிந்து முதல் கையெழுத்தை வைத்தான். தமிழில், முழுதாக: சிறிதரன் வரதராஜா.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. இந்த நாட்டில் அவர்கள் எல்லாருக்கும் தகப்பனுடைய பெயர்தானே குடும்பப் பெயர்.

"அப்பான்ர பேரையும் ஏன்ரா போட்டனி? படம் பேப்பரிலை வந்தால் ஊருக்கு, கொக்குவில் வரைக்கும் போகும். எங்கட சனம் அங்கை சாகுது. இப்ப இதுக்கு நேரமே?"

"அப்பான்ர பேர் இல்லாமல் நான் ஆர் அக்கா?"

அவள் துணியை மடித்து வைத்தாள்.

மூன்று கிழமையில் துணி நிறைந்தது. ட்ராம் டிப்போ ஆட்கள், ஒரு இறைச்சிக் கடைக்காரர், ஒரெஸ்டின் தாய், மண்டபத்துக்குத் தெரியாமல் வந்து வைத்துவிட்டுப் போன இரண்டு கிழவிகள். தம்பியை விட்டு அறுபத்தொரு பேர். அறுபத்தொரு பேரையும் சிவமணி ஒரு தையல்கூட விலகாமல் தைத்தாள். தம்பியின் பெயருக்கு வந்தபோது ஊசியைக் கீழே வைத்தாள். அழிறப்பரால் தேய்த்தாள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு அலசிக் காயவிட்டாள். காய்ந்த பிறகு அந்த இடம் வெறும் மஞ்சளாக இருந்தது.

கன்பராவிலிருந்து திரும்பி வந்த சிறிதரன், "நல்லாத் தைச்சிருக்கிறியள் அக்கா. ஆர் தைச்சதெண்டு எல்லாரும் கேட்டவை" என்றான். பெயரை அழித்ததற்குக் கோபித்திருந்தால் அவளும் இரண்டு பேச்சுப் பேசி ஆறியிருப்பாள்.

மூன்று வருடங்களில் மண்டபத்தார் தாங்களாகவே மிரோனைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்காகச் சிறிதரன் ஞாயிறு தவறாமல் அங்கே போய்க் கதிரை அடுக்கினான், கோப்பை கழுவினான், ஒவ்வொருவராக இருத்திக் கதைத்தான். 1991இல் உக்ரேன் விடுதலையாகி, அந்த வருடம் முடியுமுன் மிரோனை உள்ளே போட்ட அந்தச் சட்டப்பிரிவையும் தூக்கிப் போட்டது. சிவமணி அன்று இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள். ஒரெஸ்ட் அவளைக் கட்டிப்பிடித்து அழுதபோது அவள் இனிப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

2009 ஏப்ரலில் வன்னியில் யுத்தம் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மெல்பேர்ண் தமிழர்கள் ஒவ்வொரு நாளும் நகரத்துக்குள் தெருவில் நின்றார்கள். சிவமணியும் சிறிதரனும் போனார்கள். முழங்கால் வலியோடு ஒரெஸ்டும் வந்தான். ஒரு மதியம், ஒழுங்கு செய்தவர்களில் ஒருவரான சேகர் வந்து சிறிதரனை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. ரீவீக்காரர் வருகினம். உங்கட அவர் கொஞ்சம் பின்னாலை நிண்டால் நல்லம். அங்கை சனம் சாகுது, இப்ப இதுக்கெல்லாம் நேரமில்லை."

பக்கத்தில் நின்ற சிவமணிக்கும் அது கேட்டது. சேகரை அவள் எப்படிக் குறை சொல்வது? தன் வாயிலிருந்து போன வார்த்தை, இருபத்துமூன்று வருடம் கழித்து வேறொருவர் வாயிலிருந்து வருகிறது.

"சேகர், அவர் என்ர தம்பியின்ர மனிசன்" என்றாள். புருசனைச் சொல்லும் அந்தச் சொல்லை அவனுக்கு முதல் தடவையாகச் சொன்னாள். "சனத்துக்காகத்தான் வந்து நிக்கிறார். முன்னாலதான் நிப்பார். வேணுமெண்டால் என்னைப் பின்னாலை அனுப்பு."

சேகர் தலையைச் சொறிந்தார். "சரி அக்கா, வெயிலாவது படாமல் நிக்கச் சொல்லுங்கோ" என்று முனகிவிட்டுப் போனார்.

திரும்பும்போது ட்ராமில் மூவரும் ஒரே இருக்கை வரிசையில் இருந்தார்கள். சிவமணி யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, அந்தத் துணியிலை உன்ர பேரை நான்தான் அழிச்சனான்."

"தெரியும் அக்கா."

"எப்ப தெரியும்?"

"கன்பராவிலை விரிக்கேக்கையே."

"ஒரு சொல்லுக் கேக்கேல்லையே நீ."

"மற்ற அறுபத்தொண்டையும் கண் நோகத் தைச்சனியள். என்னெண்டு கேக்கிறது?"

"கோவமும் வரேல்லையே?"

"வந்தது. ஆறு வருசம் கோவமாயிருந்தனான். நீங்கள் கவனிக்கேல்ல."

ஒரெஸ்டுக்குச் சங்கதி பிடிபட்டதும் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். உக்ரேனிய மண்டபம் அந்தப் பதாகையைப் பற்றி ஒரு சிறு நூல் போடுகிறது. சிறிதரனைப் பற்றிய குறிப்பை எழுதுவது ஒரெஸ்டின் பொறுப்பு. 1993இல் பத்திரிகைக்குப் போட்ட கடிதத்தில்தான் சிறிதரன் இந்தச் சங்கதியில் முதன்முதலாக வெளிப்படையாகத் தன் பெயரை வைத்தான் என்று அதில் எழுதியிருந்தது. சிவமணி பேனாவைக் கேட்டு வாங்கினாள். ட்ராம் ஒரு தரிப்பில் நிற்கும்வரை பார்த்திருந்து, அந்த வரியை வெட்டிவிட்டு, அதன்மேல் தெளிவாக எழுதினாள்: சிறிதரன் வரதராஜா முதன்முதலில் தன் பெயரைக் கையெழுத்தாக வைத்தது 1986 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை.