சேலை மூட்டைக்காக நடந்தவர்

வாடகைக் கார் ஓட்டறவனுக்குப் பசி, தூக்கம், ஒண்ணுக்கு, இந்த மூணுமே பின்சீட்டுக்காரர் உத்தரவு கிடைச்சாத்தான் வரணும். ஸ்டீயரிங் பிடிச்சுப் பிழைக்கிற சாமிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏசி போட்டா சளி பிடிக்குதுங்கறவங்க, போடலைன்னா சண்டைக்கு வர்றவங்க, வழி தெரியாமலே வழி சொல்றவங்க, எல்லாரையும் பார்த்தாச்சு. ஆனா ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு வாய்ச்ச சவாரி தனி ரகம்.

வாழைப்பழமும் கும்பிடும்

சேலம் அஸ்தம்பட்டி லாட்ஜில் அவரை ஏத்தினேன். நெஞ்சு வரைக்கும் தாடி, கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி. வெளிநாட்டு யூதர். ஜவ்வரிசி பேக்டரிக்குள்ள போய் எது எதுல கலக்குதுன்னு பார்த்து, இதை எங்க சனங்க சாப்பிடலாம்னு சான்று கொடுக்கறது அவர் வேலை. அவருக்குத் தமிழ் வராது. எனக்கு இங்கிலீஷ்ல லெப்ட், ரைட், ஸ்டாப்புக்கு மேல ஓடாது. நடுவுல அவரோட போன்தான் பேசும். அவர் அவங்க பேச்சுல சொன்னா அது தமிழ்ல சொல்லும். அதுவும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழ்.

மகுடஞ்சாவடிப் பக்கத்துப் பேக்டரியில இலை நிறையப் பரிமாறி வெச்சாங்க. அவங்க முறைப்படி சமைச்சதைத்தான் தொடுவாராம். கும்பிடு போட்டு வேண்டாம்னுட்டார். ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரிச்சார். உடனே வாயில போடலை. கண்ணை மூடி, கடவுளுக்கு என்னமோ முணுமுணுத்துட்டு அப்புறம்தான் கடிச்சார். பக்கத்தில் நின்ன சூப்பர்வைசர் என் காதோரம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, மாமியார் ஊட்டுக் கறி விருந்துக்கே நான் இப்படிக் கண்ணை மூடுனதில்லைங்க."

பொழுது சாயறதுக்குள்ளே

திரும்பும்போது போனை என் பக்கம் நீட்டினார். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதும் அவங்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிடுமாம். மறுநாள் பொழுது சாயற வரைக்கும் வண்டி ஏறக்கூடாது, போனைத் தொடக்கூடாது, வெளியே கையில எதையும் சுமந்துக்கிட்டு நடக்கக்கூடாது. "அவசரம்னா?"ன்னு கேட்டேன். போன் கணீர்னு சொல்லிச்சு:

"உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் ஏறுவேன். தயவுசெய்து அதற்கேற்ப வேகமாக ஓட்டிவிடாதீர்கள்."

ரோட்டுல கிடந்த மொபெட்

இளம்பிள்ளை தாண்டி வர்றோம். மேகம் கறுத்துக்கிட்டு வருது. ரோட்டோரம் ஒரு மொபெட் சாஞ்சு கிடக்குது. பின் டயர் கிழிஞ்சிருச்சு. சேலை மூட்டைக ரெண்டு பக்கமும் சிதறிக் கிடக்க, ஒரு பொம்பளை மூட்டைக்கு மேல கவிழ்ந்து படுத்துத் தூறலை மறைக்கப் பார்க்குது. நின்னா பொழுது போயிரும்னு நான் மெதுவா ஒதுக்கிக் கடந்துட்டேன். பின்னால இருந்து "ஸ்டாப்!"னு ஒரு சத்தம். எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. நிறுத்தினேன்.

நான் பெல்ட்டைக் கழட்டறதுக்குள்ள அவர் ஓடிப் போய்க் கோட்டைக் கழட்டி ஒரு மூட்டை மேல போர்த்திட்டார். அந்தம்மா பேரு சரசு. தறிக்காரங்ககிட்டச் சேலை எடுத்து வீடு வீடாக் கொண்டுபோய்க் கொடுக்கறவங்க. "விடிஞ்சா முகூர்த்தங்க. கூறச்சேலை இதுக்குள்ளதான் இருக்குது. நனைஞ்சா பொண்ணுக்கு என்னத்தைங்க கட்டறது?"ன்னு அழுகாத குறை. கல்யாண வீடு அம்மாபேட்டையில. நாங்க போக வேண்டிய லாட்ஜ் வேற திக்கு.

மூட்டைகளோட சரசுவைப் பின்சீட்டுல திணிச்சோம். மொபெட்டை ஒரு வீட்டு வாசல்ல விட்டோம். அவர் முன்சீட்டுல ஈரத்தோட உட்கார்ந்து போனை எடுத்தார். "சுமையோடு விழுந்து கிடக்கும் கழுதையைக் கண்டால் கடந்து போகாதே, உதவி செய் என்று எங்கள் வேதம் சொல்கிறது."

சரசுவுக்கு அழுகை போயி ரோசம் வந்திருச்சு. "என்ற வண்டியக் கழுதைங்கறாரா? கழுதையாவது தானா எந்திரிக்குமுங்க!"

எனக்குத்தான் மனசு கேக்கலை. "சாமி, அம்மாபேட்டை போனா பொழுது சாஞ்சிருமே, நீங்க ரூமுக்கு எப்படிப் போவீங்க?" அவர் போனைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே பேசினார். அது சொல்லிச்சு:

"எனக்கு நடக்கக் கால்கள் இருக்கின்றன. சேலைக்கு இல்லை."

ஊர்வலம்

கல்யாண வீட்டுக்குப் பக்கத்துல போகும்போதே போன், கடிகாரம், பர்ஸ் எல்லாத்தையும் தன் பைக்குள்ள போட்டு என் சீட்டுக்கடியில தள்ளிட்டார். வீட்டு வாசல்ல பொண்ணோட அம்மா மூட்டையைப் பிரிச்சாங்க. சாக்குதான் நனைஞ்சிருந்தது. கூறச்சேலை மடிப்புக் கலையாம, பொட்டு ஈரமில்லாம இருந்தது. அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அந்தம்மா அவரைக் கும்பிட்டாங்க. அவரும் கும்பிட்டுட்டுத் திரும்பி மானத்தைப் பார்த்தார். பொழுது சாஞ்சிருச்சு. விடுவிடுன்னு நடக்க ஆரம்பிச்சார், அதுவும் எதிர்த்திசையில!

சரசுதான் ஓடிப் போய்க் கையை ஆட்டித் திருப்பிவிட்டு, முன்னாடி நடந்தாங்க. அவங்க பின்னால அவர். அவர் பின்னால முதல் கியர்ல நான். என் பின்னால ஆரன் அடிச்சுக்கிட்டுச் சேலமே வந்துது. ஒரு ஆட்டோக்காரத் தம்பி எட்டிப் பார்த்து, "ஏண்ணா, உள்ள ஏத்தறதே இல்லையா?"ன்னுட்டுப் போனான்.

லாட்ஜ் வாசல்ல அவர் நெஞ்சுல கை வெச்சுத் தலை குனிஞ்சார். பையைக் கூர்க்காகிட்டக் கொடுத்தேன். சரசுவை மறுபடி அம்மாபேட்டையில விடக் கார்ல ஏத்தும்போது, "கல்யாண வீட்டுல சாப்பிட்டுட்டு இருக்கலாமே, நீ எதுக்கும்மா இத்தனை தூரம் நடந்தே?"ன்னேன்.

"அவருக்கு வழி தெரியாது, உங்களுக்கு நடக்கத் தெரியாது. பின்ன நான் வராம யாருங்க வருவா?"

ஆளை ஏத்தித்தான் இத்தனை காலம் சோறு தின்னேன், ஆனா பெருமையாச் சொல்லிக்க எனக்கு இருக்கறது ஏறாம நடந்த இந்த ஒரு சவாரிதான்.