சித்தி ஆடிய பஞ்சாபி ஆட்டம்

ஆவடியில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில், துணி காயும் கம்பியைப் பார்த்தே எந்த வீட்டில் எந்த ஊர்க்காரர் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். கோடி வீட்டு வங்காளத்து அம்மாள் நல்ல நாட்களில் சிவப்புக் கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்துவார். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்கள்தான் அந்தச் சிவப்புக் கரையைக் கட்டலாம் என்று அவரே என் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பின் வரிசையில் இருந்த மலையாளப் பெண்கள் ஓணத்தன்று வெள்ளை முண்டும் நேரியதும் கட்டிக்கொண்டு விளக்கைச் சுற்றி ஆடுவார்கள். எங்கள் வீட்டுக் கம்பியில் தொங்கிய வெள்ளைக்குக் கரையே கிடையாது. அது என் சித்தியுடையது.

சித்தி என் அம்மாவின் தங்கை. வெள்ளானூரில் பிறந்து, திருநின்றவூருக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான இரண்டாம் வருஷத்திலேயே சித்தப்பா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். புகுந்த வீட்டில் கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் பெற்றோர் இல்லாததால் அவள் எங்களிடம் வந்தாள். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். சித்திக்கு இருபத்தைந்துகூட ஆகியிருக்காது.

அவளை யாரும் அடக்கி வைக்கவில்லை. அவளே தனக்கு நேரங்களை வகுத்துக்கொண்டாள். மற்றப் பெண்கள் குடத்தோடு போய்விட்ட பிறகுதான் குழாயடிக்குப் போவாள். வெள்ளிக்கிழமைகளில் காலையில் வாசல் பக்கம் வரமாட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது எதிரே வந்துவிடக்கூடாது என்று பின்கட்டிலேயே இருப்பாள். அப்பா அதைக் கேட்டதும் இல்லை, வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருந்தது. அந்த அம்மாளின் கணவர் அப்பா வேலை செய்த தொழிற்சாலையிலேயே மேற்பார்வையாளர். அம்மாள் உயரமாக, கனத்த குரலோடு இருப்பார். காய்கறிக் கூடைக்காரியிடமும் பால்காரரிடமும் தமிழ் கற்றவர் என்பதால், மெட்ராஸ் தமிழ் அவர் வாயில் இந்தி ராகத்தோடு வரும். எல்லோரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவார். என் அப்பாவை ‘அண்ணாத்தே, நீ சாப்ட்டியா’ என்று அவர் கேட்கும்போது அப்பா தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்டுவார்.

ஒருநாள் குழாயடியில் அந்த அம்மாள் சித்தியின் வெள்ளைச் சேலையைத் தொட்டுப் பார்த்து, “நீ கேரளாக்காரியா?” என்று கேட்டார். சித்தி ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். அம்மா இதைக் கேள்விப்பட்டு, நான் போய் விவரம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள்.

“அவங்க நெனச்சிக்கினு போவட்டும்க்கா. நமக்கு இன்னா வந்துச்சி” என்றாள் சித்தி.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்கே சித்தியும் குழாயடிக்குப் போக ஆரம்பித்தாள். இருவருக்கும் பொதுவாகப் பேச்சு என்று பெரிதாக ஒன்றுமில்லை. குடம் தூக்கிவிடுவார்கள். வெயிலைப் பற்றியும் கத்தரிக்காயைப் பற்றியும் பேசுவார்கள். அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று மாலையில் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் மாதர் சங்கத்தார் ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். தொழிற்சாலையில் இருந்த ஒவ்வொரு மாநிலத்துக் குடும்பங்களும் தங்கள் ஊர் உடையில் தங்கள் ஊர் ஆட்டத்தை ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டுக்குக் கும்மி என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த வெற்றிடத்தில் சாயங்காலங்களில் ஒத்திகை நடந்தது. நானும் அதில் இருந்தேன். சித்தி கல்யாணத்துக்கு முன்பு வெள்ளானூரில் பொங்கலுக்குப் பொங்கல் கும்மியை முன்னின்று ஆடியவள். எங்கள் வரிசைத் தமிழ்ப் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் அவளை யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்று ஒதுக்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். கூப்பிட்டால் அவள் மனது புண்படும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒத்திகை முடிந்து எங்கள் வீட்டில் வந்து தண்ணீர் குடிக்கும்போது அவளிடம் மற்றதையெல்லாம் பேசுவார்கள், கும்மியைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

ஒரு சாயங்காலம் நாங்கள் பாடி ஆடிக்கொண்டிருந்தபோது சித்தி பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் பாட்டுக்குத் தகுந்தபடி தனியாகக் கை தட்டியிருக்கிறாள். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாள். பக்கத்து வீட்டுச் சுவருக்கு மேலாக அந்தப் பஞ்சாபி அம்மாள் பார்த்துவிட்டார்.

பஞ்சாபிப் பெண்களின் ஆட்டத்துக்குக் கித்தா என்று பெயர். வட்டமாக நின்று கை தட்டுவார்கள், ஒருத்தி ஒரு வரியைச் சொல்ல, இரண்டு பேர் நடுவில் வந்து குதிகாலைத் தரையில் உதைத்து ஆடுவார்கள். குவார்ட்டர்ஸில் பஞ்சாபிக் குடும்பங்கள் குறைவு. வட்டத்துக்கு ஆள் போதவில்லை. அந்த அம்மாள் நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து, சித்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இந்தக் கை எனக்கு வேண்டும் என்று கேட்டார். உடை அவரே தருவதாகச் சொன்னார்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா, ராத்திரி வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்று அப்பா சாப்பிடும்போது அம்மா விஷயத்தைச் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். சித்தி உள்ளே இருந்தாள், கேட்கிற தூரத்தில்தான். அப்பா சோற்றைப் பிசைந்தார். தொழிற்சாலை ஆட்கள் எல்லோரும் வருவார்களே என்றார். பிறகு கேட்டார்:

“பொட்டு வைக்கணுமா?”

“அந்தம்மாவே வைக்கறதில்ல.”

“பூவு?”

“பூவு இல்ல. ஜடைல குஞ்சலம் மாதிரி இன்னாவோ கட்டுவாங்களாம். தலைக்கு மேல துப்பட்டா போட்டுக்குவாங்க.”

“பொடவை?”

“பொடவையே கெடையாது. பைஜாமா, ஜிப்பா.”

அப்பா யோசித்தார். ஒரு விதவை வண்ணப் புடவை கட்டக்கூடாது, பூ வைக்கக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது. இந்த மூன்றும் அவருக்குத் தெரியும். பைஜாமாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. “அப்புறம் இன்னா” என்று சொல்லிவிட்டு மோருக்குக் கையை நீட்டினார்.

அதிலிருந்து சித்தி தினமும் மத்தியானம் பக்கத்து வீட்டுக்குப் போனாள். வரிகளை அர்த்தம் தெரியாமல் காதால் கேட்டே மனப்பாடம் செய்தாள். அவளுக்குக் கஷ்டமாக இருந்தது நிமிர்ந்து நிற்பதுதான். கும்மியில் உடம்பு வளைந்து வளைந்து தட்ட வேண்டும். கித்தாவிலோ மார்பை நிமிர்த்தி, முகத்துக்கு நேரே கையை வைத்துத் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவள் கண்ணைப் பார்க்க வேண்டும். ஒத்திகைக்கு நானும் சிலநாள் போய் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில நாட்கள் அவள் தட்டும்போது தானாகவே குனிந்துவிடுவாள். அந்த அம்மாள் முகவாயில் விரலை வைத்துத் தூக்கிவிடுவார்.

ஆயுத பூஜையன்று வழக்கம்போலக் காலையில் அப்பாவோடு தொழிற்சாலைக்குள் போய், பொட்டிட்டு மாலை போட்ட இயந்திரங்களைப் பார்த்துப் பொரிகடலை வாங்கி வந்தோம். திருமழிசையில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பூந்தமல்லி வழியாக பஸ் மாறி வந்திருந்தாள். அத்தை கண்டிப்பானவள். சித்தி ஆடப்போவதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

மாலையில் எங்கள் கும்மிதான் முதல். வாடகைக்கு எடுத்த பட்டுப் பாவாடை எனக்கு இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்ததுதான் அதைப் பற்றி எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆடி முடித்துவிட்டு வந்து அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டேன். ஆந்திரப் பெண்கள் கண்ணாடி தைத்த லம்பாடிப் பாவாடையில் வந்தார்கள். மராத்தியப் பெண்கள் ஒன்பது கெஜப் புடவையைக் காலுக்கிடையில் வாங்கிக் கட்டியிருந்தார்கள், அது எங்கள் பக்கத்துக் கழனியில் நாற்று நடுகிற பெண்கள் வரிந்து கட்டுவதுபோல இருக்கிறது என்று அத்தை சிரித்தாள். பிறகு பஞ்சாபிப் பெண்கள் ஏறினார்கள்.

சித்திக்கு இளம்பச்சை சல்வார், அதே நிறத்தில் மேல்சட்டை, ஓரத்தில் ஜரிகை வைத்த மஞ்சள் துப்பட்டா. கொண்டையாகவே பார்த்த முடியைப் பின்னி, முனையில் சிவப்புக் குஞ்சலம் கட்டியிருந்தார்கள். எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை. நடுவில் வரும் முறை வந்தபோது அவள் அந்த அம்மாளோடு ஜோடியாக வந்து குதிகாலை உதைத்தாள். பலகை மேடை அதிர்ந்தது. கூட்டம் விசில் அடித்தது. சித்தி குனியவே இல்லை.

அத்தை என் தலைக்கு மேலாக அம்மாவின் பக்கம் சாய்ந்து, “அந்தப் பச்சை போட்டுகினு கீறா பாரு, எந்த ஊர்க்காரி? கை இன்னா மாதிரி பேசுது” என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தை மறுபடி மேடையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அத்தை எங்கள் வாசலில் நின்றுகொண்டு பேசினாள். சத்தமாகத்தான் பேசினாள். அறுத்தவளுக்கு ஆட்டம் கேட்கிறதா என்று கேட்டாள். நடு மைதானத்தில் ஆம்பிளைகள் விசிலடிக்க ஆடவிட்டு வேடிக்கை பார்த்தாயே என்று அப்பாவை ஏசினாள். அப்பா, அது அவங்க ஊர் துணி, அவங்க ஊர் ஆட்டம் என்று மட்டும் சொன்னார். துணி எந்த ஊருதா இருந்தா இன்னாடா, உள்ளே இருக்கிறவ யாரு என்று அத்தை கேட்டாள். அத்தை காபிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தே இருந்தது. அந்த அம்மாளின் தமிழுக்கு, அத்தை பேசியதில் முக்கால்வாசி புரிந்திருக்கும்.

மத்தியானம் அவர் வந்தார். சித்தி துவைத்து மடித்து வைத்திருந்த உடையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்காமல் நின்றார்.

“உன் ஊட்டுக்காரர் செத்துட்டாரா?” என்று கேட்டார்.

சித்தி ஆமாம் என்றாள்.

அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கள் ஊரிலும் அப்படித்தான், புருஷன் போனால் வெள்ளைத் துப்பட்டாதான், கல்யாண வீட்டில் கித்தா வட்டத்துக்குள் நிற்கமாட்டார்கள் என்று தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னார். பிறகு, “தெரிஞ்சிருந்தா நான் உன்ன கூப்ட்டிருக்க மாட்டேன்” என்றார்.

“அதுக்குத்தான் நானும் சொல்லல” என்றாள் சித்தி.

அந்த அம்மாள் சிரிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. உடையை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நாளைக்குக் குழாயடியில் பேச்சுக் குறைந்திருந்தது. பிறகு கத்தரிக்காய்ப் பேச்சு திரும்பியது. அடுத்த வருஷம் நிகழ்ச்சிக்கு அவர் சித்தியைக் கேட்கவில்லை. சித்தியும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்கு மறுவருஷம் அவர் கணவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது.

சித்தி குழாயடிக்குப் பழைய நேரத்துக்குத் திரும்பிப் போகவில்லை. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். வெள்ளிக்கிழமை காலையிலும் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற ஒரு சிறு கம்பெனியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அப்பாவிடம் தானே நேரில் போய்ச் சொன்னாள். எதிரில் நின்று அவள் அப்பாவோடு பேசியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அப்பா ரயில் பாஸ் எங்கே எடுப்பது என்று சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனியில் வெள்ளை ஒரே நாளில் எண்ணெய்க் கறையாகிவிடும். சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கினாள். அப்புறம் மண்நிறம், நீலம். பொட்டு வைத்துக்கொள்ளவே இல்லை. அதில் ஆசையில்லை என்றாள். அத்தை ஓரிரு வருஷம் கழித்து மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தாள். சித்தி பரிமாறினால் சாப்பிடுவாள், அவளிடம் பேசமாட்டாள். பரிமாறுகிறவளும் பேசுவதில்லை.

மறுபடி கல்யாணம் செய்துவைக்கலாமா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். சித்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எழுபதுகளின் கடைசியில் வேப்பம்பட்டில், ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், வாடகைக்கு ஓர் ஓட்டு வீடு பிடித்துத் தனியாகப் போனாள். கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி அடுத்த வீட்டில் இருந்தாள். அம்மா இரண்டு நாள் அழுதாள். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த வீட்டுக்கு மின்விளக்கு மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். எப்படி இருக்கிறாள் என்று அம்மா கேட்டதற்கு, கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றார்.