குழாயில் கட்டிய கம்பி

என் மாமனாரின் கையைப் பிடித்தது உயிர் வாங்க வந்த மலக்கு அல்ல. மின்சாரம்! அதைத் தண்ணீர்க் குழாயில் ஏற்றி வைத்தவன் நான்.

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்... அவ்வளவு கோழை நான்.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்தவன், மனைவிக்கு அவள் பெற்றோர் கொடுத்த வீட்டில் போய்க் குடியிருப்பது வழக்கம். நானும் அப்படி வந்தவன்தான். வளவு ஒன்று, வீடு இரண்டு. முன்வீட்டில் நானும் என் மனைவி றிஸ்வானாவும். பின்வீட்டில் அவளுடைய வாப்பாவும் உம்மாவும். கிணற்றடிக் குழாய் இரண்டு வீட்டுக்கும் பொது.

வந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு வானொலி மட்டும் இருந்தது. வால்வு போட்ட பழைய பெட்டி. கல்முனையில் பழைய சாமான் கடையில் வாங்கியது. சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் சூடேறிச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய பிறகும் பேச்சைவிட இரைச்சலே அதிகம். போன் சார்ஜர்களும் புது வகைப் பல்புகளும் கிளப்பும் இரைச்சலுக்கு நடுவில் அந்தப் பெட்டி பட்ட பாடு கொஞ்சமல்ல.

"இது என்ன மருமகன், ரேடியோவா? மா அரைக்கிற மில்லா?" என்று மாமா சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது. முருங்கை மரத்திலிருந்து கூரைக்குச் செப்புக் கம்பி இழுத்து ஏரியல் கட்டினேன். சற்றுத் தெளிந்தது. இன்னும் தெளியவேண்டுமென்றால் 'ஏர்த்' கொடுக்கவேண்டும். பெட்டிக்குள் இருக்கும் இரும்புத் தட்டிலிருந்து ஒரு கம்பியை எடுத்து மண்ணுக்கு இறக்குவதுதான் அது. என் ஜன்னலுக்குக் கீழேயே கிணற்றடிக் குழாய். இரும்புக் குழாய், மண்ணில் இறங்கி நிற்பது. அதிலேயே கட்டிவிட்டேன்.

அறியாமல் செய்தேனா? இல்லை! பெட்டியின் பின்பலகையில் எச்சரிக்கை அச்சடித்திருந்தது. இந்த வகைப் பெட்டியில் இரண்டு முனைப் பிளக்கைத் திருப்பிச் செருகினால் தட்டு முழுவதும் மின்சாரம் ஏறிவிடும், நேரடியாக ஏர்த் கட்டாதே என்று. வாசித்தேன். விளங்கவும் செய்தது. பிளக்கின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டேன். பொட்டு மேலே இருக்கும்படி செருகினால் ஆபத்தில்லை. என் கை ஒருநாளும் பிசகாது என்ற அகம்பாவம்...

பிசகியது. மாலை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்பு, அவசரத்தில், பார்க்காமலே செருகினேன். மழை கண்டு மாதக்கணக்கான மணல். மின்சாரம் மண்ணுக்குள் இறங்காமல் குழாயிலேயே நின்றிருக்கிறது.

எனக்கோ ஆனந்தம்! அரபு நாட்டு நிலையம் ஒன்றில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். இரைச்சல் இல்லை. ஒவ்வோர் எழுத்தும் பக்கத்து அறையில் ஓதுவதுபோல் கேட்டது. மாமா கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

கிணற்றடியில் ஓர் அலறல்.

ஜன்னலால் பார்த்தேன். தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழூ எடுக்க வந்த மாமா, ஈரச் சீமெந்தில் வெறுங்காலோடு விழுந்து கிடந்தார். பிளக்கைப் பிடுங்கினேன். ஓடினேன். பிறகு நான் செய்ததைக் கேளுங்கள்... முதலில் குழாயிலிருந்து கம்பியை அவிழ்த்தேன். சுருட்டிச் சாரத்தின் மடியில் செருகினேன். அதன்பிறகுதான் அவரைத் தூக்கினேன்! அவர் மூச்சு விடுகிறாரா என்றுகூடப் பார்க்காமல்!

ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்தார்கள். நெஞ்சில் குறையில்லை, வழுக்கி விழுந்திருப்பார் என்றார்கள். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றபோது மாமா மெல்லச் சொன்னார்:

"வழுக்கல்ல. யாஸீன் ஓதின சத்தம் கேட்டிச்சி. அப்பதான் மலக்கு வந்து கையப் புடிச்சாரு. கொஞ்சம் தவண தந்துட்டுப் போயிருக்காரு... திரும்பி வருவாரு."

மாமி விம்மி அழுதார். யாஸீன், சாகக் கிடப்பவர் பக்கத்தில் ஓதும் குர்ஆன் அத்தியாயம். அன்று ஓதியது யாஸீன் அல்ல என்று எனக்குத் தெரியும். அதைக்கூட நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் மௌத்தை, தன் சாவை, எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போய்வந்த மனிதர். புயலில் படகு கவிழ்ந்தும் மறுவாரமே கடலுக்குப் போனவர். இப்போது கிணற்றடிப் பக்கம் போகமாட்டார். மாமி வாளியில் கொண்டுவரும் தண்ணீரையும் ஒரு விரலால் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை வைக்கிறார். எங்காவது ஓதல் கேட்டால் கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறார். உடம்பு உருகிப்போயிற்று.

ஒரு வசனம் போதும், அவர் எழுந்து நடக்க! அது என் வாயில் இருக்கிறது. ஏன் சொல்லவில்லை? அவர் மகளுக்குக் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அவரையே கொல்லப் பார்த்தவன் என்ற பெயரோடு எந்த முகத்தோடு வாழ்வேன்? றிஸ்வானா அதன்பிறகு என்னை எப்படிப் பார்ப்பாள்?

ஒருமுறை முயன்றேன். "மாமா, அது சிலநேரம் கரண்டா இருக்கும்..."

"கரண்டா? பைப்புல எங்கால கரண்டு வாற?"

என் முகத்தையே பார்த்தார். கள்ளனைப் பிடித்த பார்வையா, உண்மையில் விளங்காத பார்வையா... இன்றுவரை எனக்குத் தெரியாது. "இல்ல மாமா, சும்மா சொன்னன்" என்று எழுந்து வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, நான் மறைத்தது ஒரு மனிதனின் ஆயுளை.

பயத்தாலேயே ஒரு மனிதர் செத்துப்போக முடியுமா? முடியும் என்று தோன்றுகிறது. அப்படிச் செத்தால் கொன்றவன் யார்? ஒவ்வொரு நாளும் விடியற்காலை சுபஹுத் தொழுகை நேரத்தில் பின்வீட்டில் அவர் இருமும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தபோது மாமா என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எனக்கு ஆம்புளப் புள்ள இல்ல மருமகன். நான் மௌத்தானா என்ட மையித்த நீங்கதான் குளிப்பாட்டணும். வேற ஆரும் தண்ணி ஊத்த விடாதீங்க. ஒங்கட கையெண்டா எனக்குப் பயமில்ல."

இப்போதாவது சொல்! சொல்லிவிடு! என்று உள்ளே ஏதோ கத்தியது.

"ஓம் மாமா" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. கையை என் தலைமேல் வைத்து, என்னைத் தந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்து, எனக்காக நீண்ட துஆ கேட்டார்.

நான் ஆமீன் சொன்னேன்.