ஏ.எல். வீடும் ஆரணியின் தலைமுடியும்

கடந்த வருடம் ஆடி வேல் விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்த மகள் ஆரணிக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்த என் மனைவி சாந்தி, சட்டென்று கையை எடுத்தாள். வலது காதுக்கு மேலே குற்றிக்காசு அளவில் முடியே இல்லை.

மேல்மாடித் தாங்கித் தண்ணீர் முடிக்குக் கூடாது என்றாள் சாந்தி. நான் இரும்புச்சத்துக் குறைவு என்றேன். நவம்பரில் ஆரணிக்கு ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை. உயிரியல் பிரிவு, முதலாம் ஷை (முதல் தடவை எழுதுவதை இங்கே அப்படித்தான் சொல்வோம்).

கொழும்பு வெள்ளவத்தையில் 'ஏ.எல். வீடு' என்றால் ஒழுங்கை (சிறு தெரு) முழுவதற்கும் தெரியும். அந்த வீட்டுக்கு விருந்தினர் போவதில்லை. அங்கே தொலைக்காட்சி ஓடுவதில்லை. நாங்களும் கேபிள் இணைப்பை நிறுத்தினோம். வத்தளையில் இருக்கும் என் தங்கை ரஞ்சி பலத்த குரலில் சிரிப்பவள். நவம்பர் முடிந்த பிறகு வரும்படி சொன்னோம். பிள்ளை அறைக்குள் படிக்க, வெளியே நாங்கள் இருவரும் கிசுகிசுத்து வாழ்ந்தோம்.

தோல் வைத்தியர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார்.

"இது உதிர்ந்த முடி இல்ல. ஒவ்வொண்டும் ஒவ்வொரு உயரத்தில அறுந்திருக்கு. பிள்ளை, நீங்களா பிடுங்குறீங்கள்?"

ஆம் என்று ஆரணி தலையசைத்தாள்.

முடி பிடுங்கும் கோளாறு (பதற்றத்தில், பல வேளை தன்னை அறியாமலே, தன் முடியைத் தானே பிடுங்கும் நோய்). களுபோவிலையில் ஒரு மனநல வைத்தியரிடம் போகச் சொன்னார்.

"கிளாசில ஆருக்கும் தெரிஞ்சா?" ஓட்டோவில் சாந்தி கேட்டாள்.

"அம்மா, கிளாசில மூண்டு பேர் நித்திரைக் குளிசை போட்டுத்தான் படுக்கினம்."



மனநல வைத்தியர் எங்களைவிட மிக இளையவர். எப்போது கை தலைக்குப் போகிறது என்று கேட்டார்.

"வீட்டில சத்தமே இல்லாட்டி. ரெண்டு பேரும் எனக்காக மூச்சுவிடாமல் இருக்கினம், டொக்டர். நான் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும் அவையளுக்குத் துரோகம் செய்யிற மாதிரிக் கிடக்கும்."

வைத்தியர் எங்கள் பக்கம் திரும்பினார். "முதல்ல டீவியைப் போடுங்கோ. ஆக்களைக் கூப்பிடுங்கோ."

சிகிச்சைக்குப் பழக்கம் மாற்றும் பயிற்சி என்று பெயர் (கை மேலெழும் கணத்தைக் கண்டுகொண்டு, விரல்களை இறுக மூடி, உந்துதல் கடந்துபோகும்வரை வைத்திருப்பது). உங்கள் பிள்ளைக்கும் இது இருந்தால் ஒன்று சொல்வேன்: கையைத் தட்டிவிடாதீர்கள். நாங்கள் தட்டினோம், அவள் குளியலறைக்குள் போய்ப் பிடுங்கினாள்.

அடுத்த ஞாயிறே ரஞ்சி வந்துவிட்டாள். படியேறும்போதே குரல் கேட்டது.

"எங்கயடி என்ர மருமகள்? உன்ர கொப்பர் என்னை நாடு கடத்திப்போட்டார், தெரியுமே?"

"மாமி, மெல்ல! மேல் வீட்டிலயும் ஏ.எல். பிள்ளை."

"அந்தப் பிள்ளையும் சிரிக்கட்டுமன்!"

ஆரணி சிரித்தாள். அன்றிலிருந்து கூடத்து மேசையில், எங்கள் நடுவே இருந்து படித்தாள். தலையில் முடியில்லாத இடம் பரவுவது குறைந்தது. ஆனால் மாதிரி வினாத்தாள் எழுதும் நாட்களில் கை மீண்டும் மேலே போனது.

ஒக்டோபர் நடுவில், சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள்: "நான் இந்த முறை எழுதேல்ல."

"ரெண்டு வருசப் படிப்பு, பிள்ளை. சனம் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று சாந்தி கேட்டாள்.

"ரெண்டாம் ஷை எண்டு சொல்லுங்கோ. பாதி ஒழுங்கை அதைத்தானே எழுதுது."

சாந்தி அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள். "அப்ப வடிவாச் சாப்பிடு."

பரீட்சை தொடங்கிய காலை, வெள்ளைச் சீருடைகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே காலி வீதி என்ற பிரதான சாலையை நோக்கிப் போயின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரணி வெயில் ஏறும்வரை தூங்கினாள். நெடுநாளுக்குப் பிறகு அவளது இரண்டு கைகளும் போர்வைக்கு வெளியே தளர்ந்து கிடந்தன.

தை மாதத்தில் ஒரு வாரம் மறுபடியும் பிடுங்கினாள். தொடக்கத்துக்கே போய்விட்டோம் என்று நான் பயந்தேன். "இதுவும் வைத்தியத்துக்குள்ளதான்," என்றார் வைத்தியர்.

இந்த நவம்பரில் எழுதப் போகிறாள். விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். போன வாரம் கண்ணாடி முன் நின்றவளிடம், கடைசியாக எப்போது பிடுங்கினாய் என்று கேட்டேன்.

"தெரியாதப்பா. கவனிக்கேல்ல."

நோய் தெரியவந்த நாளை நான் கிழமையோடு சொல்வேன். அது விட்டுப்போன நாளைக் குறிக்க எனக்குத் திகதி இல்லை. அவளுக்கு அது தேவையாகவும் இருக்கவில்லை. காதுக்கு மேலே கட்டையாக, சுருள் சுருளாக முளைத்திருந்ததைக் காட்டினாள்.

"தொட்டுப் பாருங்கோ, குத்துது."

தொட்டேன். குத்தியது.